வடக்கு ஜன்னலில் வைத்த முகம்

போன மாதம் வேலூரில் ஒரு கல்லூரியில் என் படங்களை வரிசையாக மாட்டி வைத்தார்கள். எல்லாம் முகங்கள். தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் குப்பைக்குப் போகிற துண்டுகளை நகத்தளவுக்கு வெட்டி, அட்டையில் ஒட்டிச் செய்தவை. ஒரு பெண் மைக்கை என் வாயருகே நீட்டி, "மேடம், கழிவுத் துண்டுல உருவப்படம் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள். பாலாறு, சுற்றுச்சூழல், மறுசுழற்சி என்று கைதட்டல் வாங்குகிற மாதிரி நாலு வார்த்தை சொன்னேன். கைதட்டலும் கிடைத்தது. சொன்னது அத்தனையும் பொய். இருபது வருடம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவள், கூசாமல் சொன்ன பொய்.

நான் வேலை பார்த்த, தோலின் நிறம் சரிபார்க்கிற அதே ஷேட் பிரிவில் இப்போது இருக்கிற இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் தோல் மேல் ஒரு மெஷினை வைத்தால் அது நிறத்தை நம்பராகச் சொல்லிவிடுகிறதாம். நீங்கள் வெறுங்கண்ணால் எப்படி ஆன்ட்டி பார்த்தீர்கள், தப்பே வராதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கும் மைக் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வந்தது. ஒரு தப்பு வந்தது. அதிலிருந்துதான் முதல் படம் வந்தது. அந்தப் படத்தை நான் எந்தக் கண்காட்சிக்கும் அனுப்புவதில்லை. அழகுக்காகச் செய்த படமில்லை அது. ஒரு மனிதரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகச் செய்தது.

எங்கள் வீட்டில் எல்லாரும் வெள்ளை உடுப்புக்காரர்கள். அம்மா நர்ஸ், பெரியக்கா கிரேஸ் வேலூரில் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நானும் நர்ஸ் படிப்புக்குப் போய், ரத்தத்தைப் பார்த்து இரண்டு முறை மயங்கி விழுந்து, மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தவள். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபைல் எழுத ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கம்பெனி வந்துருச்சு" என்பாள். கல்யாணமாகிப் போன வீட்டிலும் அந்தக் கிண்டல் தொடர்ந்தது. பழகிவிட்டது.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஃபினிஷிங் மாஸ்டர் யூசுப். தோலுக்குக் கடைசியாக நிறம் ஏற்றும் பிரிவு முழுக்க அவர் கையில். ஒல்லியான ஆள், நீண்ட மூக்கு, கத்தரித்த தாடி, தலையில் வலைத்தொப்பி. முதல் நாளே, கண் டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால்தான் ஷேட் ஃபைலைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார். அக்காதான் கூட்டிப் போனாள். அங்கே ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஒரு எண் ஒளிந்திருந்தது. நிறம் தெரிகிறவனுக்கு எண் தெரியும், தெரியாதவனுக்கு வெறும் புள்ளிதான். எனக்கு எல்லா எண்ணும் தெரிந்தது. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மாஸ்டர், உங்களுக்கு யார் சீட்டு கொடுத்தது என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாஸ்டர் சிரிக்கிற ஆள் இல்லை.

வேலை இதுதான். ஷூ கம்பெனிக்காரன் தனக்கு வேண்டிய நிறத்தில் உள்ளங்கையில் பாதி அளவு ஒரு தோல் துண்டு கையெழுத்துப் போட்டு அனுப்புவான். அதற்குக் கட்டிங் என்று பெயர். அதே நிறம் வருகிற வரைக்கும் நாங்கள் துண்டு துண்டாக அடித்துப் பார்ப்போம். நிறம் பிடிபட்டதும் லாட், அதாவது அந்த ஆர்டருக்கான மொத்தத் தோல், ஆரம்பிக்கும். ஸ்ப்ரே அடிக்கிறவர் முதலில் இரண்டே இரண்டு தோலுக்கு அடித்து, காயவைத்து, மாஸ்டர் முன்னால் கொண்டுவந்து போடுவார். மாஸ்டர் சரி என்றால்தான் மிச்ச ஆயிரம் தோலுக்கும் அடிக்க வேண்டும்.

அவர் அந்தத் தோலைப் பார்க்கிற அழகை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். டியூப்லைட்டில் பார்க்க மாட்டார். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு வேறு பழுப்பும் ஒன்று போலக் காட்டும் என்பார். வடக்குப் பக்க ஜன்னல், காலை பத்திலிருந்து மத்தியானம் மூன்று வரைக்கும்தான். கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். கட்டிங்கைத் தோலின் மேல் இடைவெளி இல்லாமல் ஓரத்தோடு ஓரம் வைப்பார். ஒரு முறை நேராக, ஒரு முறை தோலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, ஒரு முறை கண்ணைப் பாதி மூடி. பக்கத்தில் நிற்கிறவர்கள் கலர் துணி உடுத்தக் கூடாது, துணியின் நிறம் தோல் மேல் தெறிக்கும் என்பார். அதனால் எனக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார்கள். ஜூன் மாத வெயிலிலும் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு, புடவை வெளியே தெரியாமல் நிற்க வேண்டும்.

பழுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. எந்தப் பழுப்புக்கு அடியிலும் ஒரு சிவப்போ ஒரு பச்சையோ ஓடும். அது தெரிவதற்குத்தான் சம்பளம். மாஸ்டர் வாயிலிருந்து வருவது மூன்றே தீர்ப்பு. "சிவப்பு ஜாஸ்தி." "சிவப்பு கம்மி." இல்லாவிட்டால், "சரி." அவர் சொல்வதை நான் ஃபைலில் எழுதித் திருப்பி நீட்டுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். பத்து வருடம் இப்படியே போனது. அவர் தீர்ப்புச் சொல்லி லாட் திரும்பி வந்ததே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் மாஸ்டரிடம் ஒரு மாற்றம். பார்த்துவிட்டு உடனே தீர்ப்பு சொல்லாமல், என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்ற?" என்பார். பத்து வருடமாக என்னை ஒரு வார்த்தை கேட்காத மனிதர். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தோலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, அவர் என்ன நினைக்கிறாரோ அதையே சொல்லிப் பாஸாகிக்கொண்டிருந்தேன். இந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்னை என்ன செய்தாலும் தகும்.

தை மாதம் ஒரு ஆண்கள் ஷூ ஆர்டர். இளம் பழுப்பு. ஸ்ப்ரே அடிக்கிற ஏழுமலை முதல் இரண்டு தோலைக் கொண்டுவந்து போட்டார். ஆலங்காயத்திலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து வருகிறவர், பதினோரு வருட அனுபவம், ஸ்ப்ரே கன்னைக் குழந்தை மாதிரி துடைத்து வைக்கிற ஆள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததுமே எனக்கு அடியில் சிவப்பு ஓடுவது தெரிந்தது. மாஸ்டர் கட்டிங்கை வைத்தார், திருப்பினார், "சரி" என்றார்.

சிவப்பு ஓடுகிற மாதிரி இருக்கிறதே என்று மெதுவாக இழுத்தேன். மாஸ்டர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கோட்டுக்குக் கீழே என் புடவை பார்டர் நாலு விரல் தெரிந்தது. "உன் பார்டர் சிவப்பு தெறிக்குதுமா. இப்ப சொல்லு, இன்னா சொல்ற?" ஏழுமலை முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. குனிந்துகூடப் பார்க்காமல் கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். சரி மாஸ்டர் என்றேன். ஃபைலில் என் கையால் "சரி" என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் புடவையை மடிக்கும்போதுதான் பார்த்தேன். பார்டர் பச்சை. நல்ல மாவிலைப் பச்சை.

மடிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.  அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார், சிவப்பு ஓடியது என் பிரமையாக இருக்கும், மாஸ்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது. அடுத்த நாள் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆயிரம் தோலும் தப்பியிருக்கும். சொல்லவில்லை. பயம். மாஸ்டரிடம் பயம் ஒரு பக்கம், மாஸ்டர் தப்பு செய்வார் என்று நம்புவதற்கே பயம் ஒரு பக்கம்.

மூன்றாவது வாரம் ஷூ கம்பெனியிலிருந்து வண்டி வந்தது. மேனேஜர் எங்களை எல்லாம் முற்றத்துக்குக் கூப்பிட்டார். தரையில் பத்து ஜோடி ஷூ பரப்பி வைத்திருந்தது. நல்ல வெயில். இடது கால் ஒரு பழுப்பு, வலது கால் ஒரு பழுப்பு. எங்கள் லாட்டையும் அதற்கு முந்திய லாட்டையும் கலந்து வெட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு அடியில் அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பு. மூட்டை தூக்குகிறவர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்தது. மாஸ்டர் மட்டும் ஒவ்வொரு ஷூவாகக் கையில் எடுத்து உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அதை அவமானத்தில் தலை குனிந்திருப்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் என் எழுத்தில் "சரி", மாஸ்டர் கையெழுத்து. அப்படியென்றால் முதல் இரண்டு தோல் சரி, அதற்கப்புறம் ஏழுமலை கலவையை மாற்றி அடித்துவிட்டான் என்று முடிவானது. மாஸ்டரும், நான் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது என்றார். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு, "மாஸ்டர் சரின்னு சொன்ன அதே கலர்தான் சார் அடிச்சேன். ஒரு சொட்டு மாத்தல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை திங்கட்கிழமை மூன்று மணிக்கு. கழிவுநீர்ப் பிரச்னையில் ஊரைச் சுற்றிப் பாதித் தோல் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த சமயம் அது. இங்கே வெளியே போனால் வேறெங்கும் வேலை கிடையாது. ஏழுமலை மறுநாளும் முதல் பஸ்ஸில் வந்தார். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டுக் கடைசியில் வீட்டுக்குப் போனார். நான் கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் தேவலாம்.

சொன்னால் மாஸ்டர் போவார். சொல்லாவிட்டால் ஏழுமலை போவார். நான் சொன்னாலும் யார் நம்புவார்கள்? பத்து வருட ஃபைல் எழுத்தருக்கும் முப்பது வருட மாஸ்டருக்கும் நடுவில் யார் பேச்சு எடுபடும்? அதோடு, மாஸ்டர் பொய் சொல்கிறாரா, இல்லை நிஜமாகவே தெரியவில்லையா என்பது எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்க முடியாது. அப்போதுதான் ஆஸ்பத்திரிப் புள்ளிப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது.

எண் எழுதிக் காட்டினால் உஷாராகிவிடுவார், எனக்கே பரீட்சையா என்று கத்துவார். ஒரு முகம் என்றால்? ஞாயிறு பள்ளியில் துணியை வெட்டி ஒட்டி, மோசேயும் யோனாவும் செய்து பிள்ளைகளுக்குக் கதை சொன்ன கை இது. முகம் செய்ய வரும். அதிலும் அவர் முகத்தையே செய்துவிட்டால்? தன் முகத்தைப் பார்க்கிற மனிதன் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். திட்டவாவது வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால், தெரியவில்லை என்று அர்த்தம்.

துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பார்த்து முடித்த சோதனைத் துண்டுகள் எல்லாம் சாக்கில் கட்டிக் குப்பைக்குப் போகும். வெள்ளிக்கிழமை ஒரு சாக்கைப் பிரித்து உட்கார்ந்தேன். முகத்துக்குச் சிவப்பு ஓடும் பழுப்பு. சுற்றிலும், கண்ணுக்கும் தாடிக்கும் தொப்பி விளிம்புக்கும் பச்சை ஓடும் பழுப்பு. ஆனால் இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் வெளுப்பாக இருந்தாலும் நிறம் தெரியாதவனும் கண்டுபிடித்துவிடுவான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின். துண்டுகளைக் கண்ணாடி மேல் பரப்பி ஒரு காப்பி எடுத்தால் எல்லாம் சாம்பலாக வரும். ஒரே சாம்பலாக வருகிற துண்டுகளை மட்டும் பொறுக்கினேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, தோலுக்கெல்லாம் ஜெராக்ஸா என்று கேட்டார். ஃபைலுக்கு சார் என்றேன். அந்த வாரம் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. ஃபைல் அட்டை அளவு ஒரு தடித்த அட்டையில், நகத்தளவுத் துண்டுகள், ஷூவுக்குப் போடுகிற அதே பசை. மத்தியானத்துக்குள் முடிந்தது. அக்கா வந்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்ததுமே, "இது உங்க மாஸ்டர்தானே, மூக்கைப் பாரு" என்றாள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

"சில மாத்திரை கண் நரம்பைப் பிடிக்கும். முதல்ல நிறம் போகும், அப்புறம் பார்வையே போகும். சீக்கிரம் நிறுத்தினா திரும்ப வரலாம். லேட்டாச்சுன்னா வராது. நாளைக்கே கூட்டிட்டு வா" என்றாள்.

அதுவரைக்கும் அந்த அட்டை அவரைப் பிடிப்பதற்கான பொறியாகத்தான் இருந்தது. அக்கா சொன்னதற்கப்புறம் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். என் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆளா அவர்? தனக்குத் தெரியவில்லை என்பது முதலில் அவருக்கே தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அட்டையை வடக்கு ஜன்னல் ஓரத்தில், மாஸ்டர் தோல் பார்க்கிற இடத்திலேயே சாய்த்து வைத்தேன். விசாரணைக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது. கோட்டைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து விட்டிருந்தேன். மாஸ்டர் வந்தார். ஏலக்காயை மென்றுகொண்டிருந்தார். அந்த மழைக்காலத்திலிருந்தே அவர் வாயில் எப்போதும் ஏலக்காய். அட்டையைக் கையில் எடுத்தார். நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார்.

"இன்னாமா, கட்டிங்கெல்லாம் ஒட்டி வச்சிருக்க. லாட் வாரியாவா?"

வேறு ஒன்றும் தெரியவில்லையா மாஸ்டர் என்று கேட்டேன். 

"எல்லாம் ஒரே பிரவுன். நீட்டா ஒட்டியிருக்க" என்று திருப்பி வைத்தார்.

அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியும் வரவில்லை. மாஸ்டரிடம் கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஏழுமலை உள்ளே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தவர் பார்வை ஜன்னல் பக்கம் போனது. அத்தனை கவலையிலும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, மாஸ்டர் மூஞ்சி. அப்படியே இருக்குதே."

மாஸ்டர் சட்டென்று திரும்பினார். ஏழுமலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டையை மறுபடியும் எடுத்து ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். கிட்டத்தில் வைத்தார், தள்ளி வைத்தார்.  ரொம்ப நேரம் கழித்து ஒரு விரலை அட்டை மேல் வைத்தார். தோலைத் தொட்டே இது எந்த ஊர் ஆடு என்று சொல்கிற விரல்.

"மூக்கு எங்கமா இருக்குது?"

பென்சில் முனையால் காட்டினேன். நெற்றி, மூக்கு, தாடி. பென்சில் போன வழியெல்லாம் அவர் விரலும் போனது. என் கண்ணில் நீர் முட்டி, காட்டிக்கொண்டிருந்த இடம் எனக்கே தெரியாமல் போயிற்று.

ஏழுமலையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு மாதமாக நெஞ்சுச் சளிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், டி.பி. என்றார். ஏலக்காய் இருமலை அடக்கத்தானாம். கம்பெனியில் தெரிந்தால் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று, யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். மாதா மாதம் வரச் சொன்னாராம், கண் மங்கினால் உடனே சொல்லச் சொன்னாராம். இரண்டு மாதம் போய்விட்டு, அப்புறம் அதே சீட்டை வைத்து மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கண் மங்கலை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார். நிறம் போனதுகூடவா மாஸ்டர் தெரியவில்லை என்று கேட்டேன்.

"போறது எப்படிமா தெரியும்? எனக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உள்ளுக்குள்ள ஒரு டவுட்டு இருந்துச்சு. அதான் உன்னக் கேட்டேன். நீ சரின்ன."

இந்த வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தை மாதிரி எதுவும் சுட்டதில்லை. அவர் திட்டக்கூட இல்லை.

மூன்று மணிக்கு அவரே அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அட்டையை மேஜை மேல் வைத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டார். மேனேஜர் குழப்பத்தோடு, உங்கள் படம் என்றார். "எனக்குத் தெரியல சார். ஏழுமல மேல தப்பு இல்ல. தப்பு என் கண்ணுல" என்றார் மாஸ்டர். டி.பி. என்பதையும் சொன்னார். மேனேஜர் நாற்காலியை ஒரு அடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டதை நான் பார்த்தேன், மாஸ்டரும் பார்த்தார். சிவப்பு தெரிந்தும் சரி என்று எழுதியது நான்தான் என்று நானும் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஏழுமலையை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். மாஸ்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். எரித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலூர் கண் ஆஸ்பத்திரியில், அக்கா காட்டிய புள்ளிப் புத்தகத்தில் ஒரு எண்ணையும் மாஸ்டரால் சொல்ல முடியவில்லை. டாக்டர் கண்ணைக் கெடுத்த அந்த ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார். பார்வை திரும்ப வருமா என்று மாஸ்டரின் மனைவி கேட்டதற்கு, வரலாம், வராமலும் போகலாம், மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றாராம்.

வேறு ஆள் இல்லாததால் மாஸ்டர் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார்கள். மெமோவும் பதவி உயர்வும் ஒரே வாரத்தில் வாங்கிய ஆள் அந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான். மாஸ்டர் இடத்தைப் பிடிப்பதற்காகப் படம் செய்தாள் என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டார்கள். ஏழுமலையாவது எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதல் தோலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் டீக்கடையில நின்னிருக்க வேணாம்" என்றார். நியாயம்தான். இரண்டு முறை மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். தூங்குகிறார் என்று அவர் மனைவி வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு நாளும் வடக்கு ஜன்னலில் நின்று சரி என்று சொல்லும்போது ஒரே கேள்விதான். என் கண்ணும் போய்க்கொண்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயத்தில்தான் சாக்கிலிருந்து துண்டுகளை எடுத்து மறுபடி ஒட்ட ஆரம்பித்தேன். முதலில் ஏழுமலை, அப்புறம் அம்மா, அப்புறம் கேட் வாட்ச்மேன். செய்து முடித்து அக்காவிடம் காட்டி, யார் என்று அவள் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. கலை கிலை எல்லாம் அப்புறம் மற்றவர்கள் வைத்த பெயர்.

ஏழு மாதம் போயிற்று. ஆவணியில் ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். ஜன்னல் பக்கம் நிழல் விழுந்தது. தொப்பி, நீண்ட மூக்கு. கையில் ஒரு துணிப்பை. மாஸ்டர். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. நான் எழுந்து நின்றேன்.  அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் கை அழுக்கேறி மழுங்கியிருந்தது. தினமும் காலையில் ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னார்.

அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து வைத்தார். நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். கண்ணைப் பாதி மூடினார். தன் முன்னங்கையை நீட்டி, அட்டையின் கன்னத்தின் மேல் ஓரத்தோடு ஓரம் வைத்தார். 

"சிவப்பு ஜாஸ்தி" என்றார்.

பத்து வருடக் கைப்பழக்கம். பென்சிலை எடுத்து அட்டையின் பின்பக்கம் அவர் சொன்னதை அப்படியே எழுதி, திருப்பி நீட்டினேன். மாஸ்டர் வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டார்.